சானலும் மடையும்: பாக்டீரியாவின் அயனி சானல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பள்ளிகளிலும் நூலகங்களிலும் நுண்ணுயிர்கள் பற்றிப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவை பிளஸ் டூ மாணவர்கள் கேட்டவை. சில, சாமிதோப்பு உப்பளத்தின் வரப்பில் நின்றும் குளச்சல் சந்தையில் கருவாடு வாங்கும்போதும் என்னிடம் கேட்கப்பட்டவை.

சானல் என்றாலே எங்களுக்கு அனந்தனார் சானலும் தோவாளை சானலும்தான் ஞாபகம் வரும். அயனி சானல் என்றால் என்ன?

அந்த ஞாபகத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், பாதி தூரம் அது கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு பாக்டீரியா செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. பொட்டாசியம், சோடியம், குளோரைடு போன்றவை தண்ணீரில் கரைந்து மின்னேற்றத்தோடு திரியும்போது அவற்றை அயனிகள் என்கிறோம். எண்ணெயில் உப்பு கரையாதது போலவே அயனிகளால் அந்தக் கொழுப்பைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமானால், சவ்வை ஊடுருவி நிற்கும் ஒரு புரதக் குழாய் வேண்டும். அதுதான் அயனி சானல். நம்மூர்ச் சானலில் மடை இருப்பது போல இதிலும் மடை உண்டு. மூடியிருக்கும்போது ஏறக்குறைய எதுவும் கசியாது. திறந்தால், ஒரே ஒரு சானல் வழியாக விநாடிக்குக் கோடிக்கணக்கான அயனிகள் பாயும்.

ஒப்புமை எங்கே உடைகிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வயல் மடையை ஒரு ஆள் வந்து திறக்க வேண்டும். பாக்டீரியாவில் ஆள் இல்லை. மூளையோ நரம்போ இல்லை. எந்த ஆபத்துக்காக மடை திறக்க வேண்டுமோ அந்த ஆபத்தே கையாக வந்து மடையைத் தூக்குகிறது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல நினைப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

செல்லின் சமநிலை என்கிறார்களே, எதற்கும் எதற்கும் இடையே சமநிலை?

"சமநிலை" என்ற சொல் மாணவர்களைக் குழப்புகிறது. உள்ளேயும் வெளியேயும் எல்லாம் சமமாகிவிட்டால் அந்தச் செல் செத்துவிட்டது என்றுதான் பொருள். உயிரோடு இருக்கும் பாக்டீரியாவின் உள்ளே பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உட்புறம் வெளிப்புறத்தை விட எதிர்மின்னாக, ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வித்தியாசத்தில் நிற்கிறது. உள்ளே அழுத்தமும் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வை ஒரு அளவில் நிறுத்தி வைப்பதுதான் இங்கே சமநிலை.

அழுத்தத்தைப் புரிந்துகொள்ள குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் போதும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இருப்பார்கள். வெயில் ஏறி இலைகள் தண்ணீரை இழக்கத் தொடங்கும் முன்பு, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது கத்தி பட்டால் பால் தானாகப் பீறி வரும். வெயில் ஏறியபின் வெட்டினால் பால் குறையும். செல்லுக்குள் சர்க்கரையும் அயனிகளும் அடர்த்தியாக இருப்பதால் தண்ணீர் உள்ளே வந்து சுவரைத் தள்ளுகிற அழுத்தம் அது. பாக்டீரியாவின் சுவர் விறைப்பாக நிற்பதும் அதே அழுத்தத்தால்தான்.

மழை பெய்தால் பாக்டீரியாவுக்கு என்ன கஷ்டம்? தண்ணீர் நல்லதுதானே?

என்னிடம் கேட்கப்பட்டவற்றில் மிக நல்ல கேள்வி இது. கேட்டது ஒன்பதாம் வகுப்பு மாணவி.

மணக்குடிப் பொழிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அங்கே கடல்நீர் ஏறி நிற்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெறுகிற மாவட்டம் நம்முடையது. மழை வலுத்தால் பழையாறு நன்னீரைக் கொண்டுவந்து அந்த உப்புத் தண்ணீரின் மேல் கொட்டும். உப்புக்குப் பழகிய ஒரு பாக்டீரியா, வெளியில் உள்ள உப்புக்கு ஈடாகத் தன் உள்ளேயும் பொட்டாசியத்தையும் வேறு கரைபொருட்களையும் சேர்த்து வைத்திருக்கும். திடீரென வெளியே நன்னீர். உள்ளே இன்னும் பழைய அடர்த்தி. தண்ணீர் சவ்வின் வழியே உள்ளே பாயத் தொடங்கும்.

அந்த வேகத்தையும் அழுத்தத்தையும் மனதில் கொண்டுவர ஒரு கணக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதற்குச் சமமான அடர்த்தியை உள்ளே வைத்திருக்கும் செல் தூய மழைநீரில் விழுந்தால், சவ்வூடு பரவலால் எழக்கூடிய அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டலம். கார் டயரில் நாம் அடிக்கும் 30 பவுண்டு காற்று வெறும் 2 வளிமண்டலம்தான். பன்னிரண்டு டயர்களின் அழுத்தத்தை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள ஓர் உயிரின் மேல் ஒரே நேரத்தில் ஏற்றினால் எப்படி இருக்கும்! தண்ணீர் நுழைவதோ மில்லி விநாடிக் கணக்கில் நடக்கிறது. புதிதாகப் புரதம் செய்து தப்பிக்க அவகாசம் இல்லை. ஜீனைப் படித்துப் புரதம் கட்டி முடிக்க நிமிடங்கள் ஆகும். எனவே தற்காப்பு முன்கூட்டியே சவ்வில் நட்டு வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்படி நட்டு வைக்கப்பட்டவைதான் இழுவிசையை உணரும் சானல்கள். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் இவற்றில் முக்கியமானவை இரண்டு: எம்எஸ்சிஎஸ், எம்எஸ்சிஎல். கடைசி எழுத்துகள் சிறியது, பெரியது என்பதைக் குறிக்கின்றன. நான் சின்ன மடை, பெரிய மடை என்றே சொல்லப் போகிறேன்.

ஆள் இல்லாமல் மடை எப்படித் திறக்கும்? புரதத்துக்கு எப்படித் தெரியும்?

தெரிவதில்லை. இழுபடுகிறது, அவ்வளவுதான்.

சோற்றை உருட்டி எடுக்கும்போது ஐந்து விரல்களும் நுனியில் குவியுமே, அப்படி உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மடை கிட்டத்தட்ட அந்த அமைப்பு. ஒரே மாதிரியான ஐந்து புரதத் துண்டுகள், ஒவ்வொன்றும் 136 அமினோ அமிலங்கள் கொண்டது, சவ்வுக்குள் வட்டமாக நின்று ஒரு முனையில் நெருங்கிக் குவிந்திருக்கும். அந்தக் குவிந்த இடத்தில் தண்ணீரை விரும்பாத அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அதனால் தண்ணீரோ அயனியோ அங்கே நுழையாது. அதுதான் பூட்டு.

இப்போது யாரோ உங்கள் விரல்களின் வெளிப்பக்கத்தைப் பிடித்து எல்லாத் திசையிலும் இழுக்கிறார்கள் என்று வையுங்கள். விரல்கள் சாய்ந்து, விலகி, நடுவில் ஓட்டை விழும். செல் வீங்கும்போது சவ்வு நாலாபக்கமும் இழுபடுகிறது. சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகள் புரதத்தின் பக்கவாட்டைப் பற்றியிருப்பதால் அந்த இழுப்பு நேராகப் புரதத்துக்குப் போகிறது. துண்டுகள் சாய்ந்து விலக, ஏறத்தாழ மூன்று நானோமீட்டர் அகலத்துக்கு வழி திறக்கிறது. அயனி சானல்களின் அளவில் இது பெரிய வாசல். பொட்டாசியம், குளுட்டமேட், புரோலின், டிரெஹலோஸ் என்று கைக்கு வந்ததெல்லாம் வெளியே கொட்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்க நேரமில்லை. உள்ளே அடர்த்தி குறைந்ததும் தண்ணீர் நுழைவது நிற்கும், சவ்வு தளரும், துண்டுகள் மறுபடி நிமிர்ந்து குவியும்.

இதற்கு வேறு எந்தப் புரதத்தின் உதவியும் வேண்டாம் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பெரிய மடையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, செயற்கைக் கொழுப்புச் சவ்வில் வைத்து இழுத்தாலும் அது திறக்கிறது. செய்தி அனுப்புகிறவர், செய்தியைப் படிக்கிறவர், உத்தரவிடுகிறவர் என்ற மூன்று பேருடைய வேலையையும் ஒரே புரதம் தன் உடம்பால் செய்துவிடுகிறது. இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், இன்றும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு ஒரு கணம் பேச்சு நின்றுவிடும்.

ஒரு மடை போதாதா? சின்னது, பெரியது என்று இரண்டு எதற்கு?

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தைத் தினமும் பத்திரிகையில் பார்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். அணையின் முழு மட்டம் 48 அடி. மழை வலுக்கும்போது 48 அடி தொடும்வரை காத்திருந்துவிட்டு எல்லா ஷட்டரையும் ஒரே நேரத்தில் தூக்கினால், கோதையாற்றில் வெள்ளம் பாய்ந்து கரையோரம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். அதனால் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உபரிநீரைத் திறக்கிறார்கள். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று அறிவிப்பு வந்தாலே, மேலே தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

சின்ன மடை அந்த முன்கூட்டிய திறப்பு. பெரிய மடைக்கு வேண்டிய இழுவிசையில் ஏறத்தாழ பாதி வந்ததுமே அது திறந்துவிடும். அதன் வழியாகப் பாயும் மின்னோட்டமும் பெரியதில் மூன்றில் ஒரு பங்குதான். சாதாரண மழைக்கு அது போதும், இழப்பும் குறைவு. பெரிய மடை, சவ்வு கிழிவதற்குச் சற்று முன்னால் உள்ள இழுவிசையில்தான் திறக்கும். அது திறந்தால் செல் அரும்பாடுபட்டுச் சேர்த்த சேமிப்பெல்லாம் போகும். ஆனால் உயிர் நிற்கும்.

இதை நிரூபித்தது 1999இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் இயன் பூத் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. இரண்டில் ஒன்றின் ஜீனை மட்டும் நீக்கினால் ஈ.கோலை பிழைத்துக்கொண்டது. இரண்டையும் நீக்கிவிட்டு, உப்புக் கரைசலிலிருந்து நன்னீருக்கு மாற்றியபோது செல்கள் வெடித்துச் செத்தன.

திறப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். மூடாவிட்டால் என்ன ஆகும்?

பெரிய மடை தேவையில்லாமல் திறந்தே இருந்தால் செல் வளராது, செத்தும் போகும். உள்ளே சேர்த்த பொட்டாசியம் வடியும், மின்னழுத்த வித்தியாசம் சரியும், சக்தி உற்பத்தி நின்றுபோகும். பூட்டுப் பகுதியில் உள்ள அமினோ அமிலங்களைத் தண்ணீரை விரும்பும் வகையாக மாற்றிப் பார்த்தார்கள். மடை சும்மாவே திறந்துகொண்டது; செல்களும் வளர முடியாமல் திணறின. ஒற்றை எழுத்து மாறினாலே பூட்டு தளர்ந்துவிடும் அளவுக்கு அந்த இடம் நுட்பமானது.

சின்ன மடையில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. இழுவிசை நீடித்துக்கொண்டே இருந்தால் அது திறந்த நிலையிலிருந்து ஓய்வு நிலைக்குப் போய்விடும். அப்போது இழுத்தாலும் திறக்காது. ஏழு புரதத் துண்டுகளால் ஆன இந்தச் சானலின் அடியில், செல்லின் உட்பக்கமாக, பக்கங்களில் துவாரமுள்ள ஒரு கூடு தொங்குகிறது. உள்ளே பொருட்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை அந்தக் கூடு உணர்ந்து, அளவுக்கு மீறி வெளியேறாமல் தடுக்க உதவுகிறது.

கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவின் சானலை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பொறுமையால். 1976இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் ஒற்றைச் சானலின் மின்னோட்டத்தை அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1991இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையைச் செல்லின் சவ்வில் ஒட்டவைத்து, லேசாக உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, அதன் வழியே வரும் மின்னோட்டத்தைப் பார்ப்பது அந்த முறை. தசை, நரம்புச் செல்களுக்கு அது சரிவந்தது. பாக்டீரியாவோ அந்தக் குழாயின் முனையளவுதான் இருக்கும். மேலே கெட்டியான சுவர் வேறு.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிங் குங் ஆய்வகத்தில் பாக்டீரியாவையே பெரிதாக்கினார்கள். செஃபலெக்சின் என்ற மருந்தைக் கொடுத்தால் ஈ.கோலை இரண்டாகப் பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போய்ப் பாம்பு போல ஆகிவிடும். பிறகு லைசோசைம் என்ற நொதியால் சுவரை அரித்தெடுத்தால் அந்தப் பாம்பு சுருண்டு உருண்டை ஆகும். முனை ஒட்டும் அளவுக்குப் பெரிய உருண்டை. அதில் குழாயை வைத்து உறிஞ்சிய கணத்தில் மின்னோட்டம் துள்ளிக் குதித்தது. உறிஞ்சலை நிறுத்தினால் அடங்கியது. போரிஸ் மார்ட்டினாக்கும் குங்கும் சகாக்களும் 1987இல் இதை வெளியிட்டார்கள்.

இப்படித் துள்ளவைக்கும் புரதம் எது என்று அப்போது தெரியவில்லை. செர்கெய் சுகாரெவ் உள்ளிட்டோர் பாக்டீரியாச் சவ்வின் புரதங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் செயற்கைச் சவ்வில் போட்டு, உறிஞ்சிப் பார்த்து, இல்லை, இல்லை என்று தள்ளி, கடைசியில் ஒன்றைப் பிடித்தார்கள். பெரிய மடையின் ஜீன் 1994இல் அடையாளம் காணப்பட்டது. அதன் வடிவத்தை 1998இல் டக்ளஸ் ரீஸ் குழு எக்ஸ்ரே மூலம் கண்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது காசநோய்க் கிருமியின் சானலை. உங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிற செய்திக்குப் பின்னால் பதினோரு வருடம் இருக்கிறது.

சில சானல்கள் பொட்டாசியத்தை மட்டும் விடும், அதைவிடச் சிறிய சோடியத்தை விடாது என்கிறார்கள். சிறியது எளிதாக நுழைய வேண்டாமா?

நுழைய வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். பல வருடம் விஞ்ஞானிகளையும் உறுத்திய கேள்வி இது. விடை கிடைத்தது 1998இல், ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியாவின் கேசிஎஸ்ஏ சானலில். புதுமழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்குப் பெரும் காரணம் இந்தப் பாக்டீரியா இனம்தான். சானலின் வடிவத்தைக் கண்டவர் ரோடரிக் மெக்கின்னன். 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தண்ணீரில் இருக்கும் அயனி வெறும் உடம்போடு இருப்பதில்லை, நீர் மூலக்கூறுகளைச் சட்டை போலப் போர்த்தியிருக்கும். நம் மாவட்டத்துக் கோவில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறார்கள்? இந்தச் சானலின் மிகக் குறுகலான இடத்தில் அயனியும் நீர்ச் சட்டையைக் கழற்ற வேண்டும். ஆனால் சட்டையைக் கழற்றுவதற்குச் சக்தி செலவாகும். அதை ஈடுகட்ட, உள்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நின்று நீருக்குப் பதிலாக அயனியை அணைத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளி பொட்டாசியத்துக்கு அளவெடுத்தது. ஒவ்வொரு பொட்டாசியத்தையும் எட்டு ஆக்சிஜன்கள் தொடும். சோடியம் சிறியது என்பதாலேயே அந்த ஆக்சிஜன்களை ஒருசேரத் தொட முடியாது. கழற்றினால் நஷ்டம், அதனால் அது சட்டையோடு வெளியிலேயே நின்றுவிடுகிறது. தேர்வு இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் வேகம் குறையவில்லை என்பதுதான் மெக்கின்னன் காட்டிய அற்புதம்.

இந்தச் சானலின் மடையைத் திறப்பது அமிலம். செல்லின் உட்புறம் புளித்தால், நான்கு துண்டுகளின் அடிப்பகுதி விலகி வழி திறக்கும். சில விநாடிகளில் மேலே உள்ள குறுகலான இடமே சுருங்கி ஓட்டத்தை நிறுத்திவிடும். ஒரே சானலில் கீழே ஒரு மடை, மேலே ஒரு மடை.

சானலும் பம்பும் ஒன்றா?

இல்லை. சானலில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டுமே பாயும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற மோட்டார் வேண்டும். அதற்குச் செலவும் உண்டு. பொட்டாசியம் மிகமிகக் குறைந்த தண்ணீரிலிருந்தும் அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் கேடிபி என்ற பம்பு ஈ.கோலையில் இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி என்ற மூலக்கூறை எரித்து அது வேலை செய்கிறது. பம்பு ஏற்றி வைப்பதைத்தான் சானல் பயன்படுத்துகிறது.

தொண்டை கரகரத்தால் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறோம். உப்பு கிருமியைக் கொன்றுவிடுமா?

ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு பெரும்பாலான பாக்டீரியாவைக் கொல்லாது. வெளியே உப்பு ஏறினால் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறும், செல் சுருங்கும். இது மழைக்கு நேர் எதிரான நிலை. அதற்கும் பாக்டீரியாவிடம் வழி உண்டு. நிமிடங்களில் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், துணைக்குக் குளுட்டமேட்டைச் சேர்க்கும், பிறகு புரோலின், பீட்டைன் போன்ற செல்லுக்குத் தொந்தரவு தராத பொருட்களை நிரப்பிக்கொண்டு பொட்டாசியத்தைக் குறைத்துக்கொள்ளும். கொப்பளிப்பதால் தொண்டைக்கு இதம் கிடைக்கும், சளி இளகும். செய்யுங்கள். டாக்டர் கொடுத்த மருந்துக்குப் பதிலாக மட்டும் செய்யாதீர்கள்.

"சாரே, உப்பு போட்டுத்தானே காய வைக்கிறோம், பிறகும் கருவாடு ஏன் சிவப்பாப் போவுது?"

குளச்சலில் கருவாடு விற்கும் ஓர் அக்கா கேட்டது. அவரிடம் சொன்ன பதிலையே எழுதுகிறேன்: அக்கா, அந்தச் சிவப்பு உப்போடு வந்தது.

உப்பளப் பாத்தியில் தண்ணீர் வெயிலில் வற்றி, அதன் உப்புச் செறிவு போமே மானியில் 25 டிகிரியைத் தொடும் சமயத்தில் (இது வெப்ப டிகிரி இல்லை) உப்பு படியத் தொடங்கும். அவ்வளவு உப்பில் சாதாரண பாக்டீரியா வாழாது. ஆனால் ஹாலோபாக்டீரியம் போன்ற உயிர்களுக்கு அதுதான் வீடு. பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் அவை ஆர்க்கியா என்ற தனிக் கிளையைச் சேர்ந்தவை. முற்றிய பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு அவற்றின் நிறமிகளும் ஒரு காரணம். வெளியே உள்ள சோடியம் உப்புக்கு ஈடாக அவை உள்ளே பொட்டாசியம் உப்பை மிக அதிக அடர்த்தியில் நிரப்பி வைத்திருக்கின்றன. அவற்றின் புரதங்கள்கூட அந்த உப்பில்தான் ஒழுங்காக வேலை செய்யும். உப்புப் படிகத்துக்குள் சிக்கிய சிறு நீர்த்துளியில் உயிரோடு இருந்து, அந்த உப்போடு மீனுக்கு வந்து, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் மீனின் புரதத்தைத் தின்று பெருகும். அதனால் நன்றாகக் காய வைப்பதும், ஈரக்காற்று படாமல் வைப்பதும், சுத்தமான உப்பைப் பயன்படுத்துவதும்தான் வழி. சிவந்துவிட்ட கருவாடு கெடத் தொடங்கிவிட்டது. விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

மழையில் இவற்றின் கதை வேறு. இந்தக் கிளையைச் சேர்ந்த உயிர்களிலும் இழுவிசைச் சானல்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஆனாலும் ஹாலோபாக்டீரியத்தின் வெளிப்போர்வையே உப்பால் பிடித்து நிற்பது. தூய நன்னீரில் போட்டால் போர்வை கலைந்து செல் உடைந்துபோகும். மடை இருந்தாலும் கரையே கரைந்தால் என்ன செய்வது?

பாக்டீரியாக்கள் மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன என்பது உண்மையா?

பேசுவது என்ற சொல்லை நான் கவனமாகத்தான் பயன்படுத்துவேன். ஆனால் நடப்பது உண்மை, நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு ஒரு நிமிடத்தில் புரியக்கூடியதும்கூட.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா லட்சக்கணக்கில் ஒன்றுசேர்ந்து பிசுபிசுப்பான ஏடாக வளரும். உணவு வெளியிலிருந்து வருவதால் ஓரத்தில் இருப்பவை முதலில் தின்றுவிடும். நடுவில் இருப்பவை பட்டினி. சானலின் தலைப்பில் இருப்பவர் தண்ணீரையெல்லாம் பாய்ச்சிக்கொண்டால் கடைமடை வயல் வெடித்துக் கிடக்குமே, அதே நிலை. ஏட்டின் நடுவில் இருப்பவை செத்தால் ஓரத்தில் இருப்பவைக்கும் ஆபத்து, ஏனென்றால் ஆன்டிபயாட்டிக் போன்ற தாக்குதல் வந்தால் மறுபடி முளைத்து வர நடுவில் உயிர் மிச்சமிருக்க வேண்டும்.

சான் டியேகோவில் குரோல் சூயல் குழு 2015இல் காட்டியது இது: பட்டினியான உள்செல்கள் யுக்ஓ என்ற பொட்டாசியம் சானலைத் திறந்து பொட்டாசியத்தை வெளியே விடுகின்றன. வெளியே பொட்டாசியம் ஏறியதும் பக்கத்துச் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. அதுவும் தன் சானலைத் திறக்கிறது. அலை ஓரம்வரை போகிறது. மின்னழுத்தம் குலைந்த ஓரத்துச் செல்களால் குளுட்டமேட் என்ற உணவைக் கொஞ்ச நேரம் உள்ளே இழுக்க முடிவதில்லை. வளர்ச்சி நிற்கிறது. உணவு நடுவுக்குப் போய்ச் சேர்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போல, இது விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்தச் சானலின் ஜீனை நீக்கிவிட்டால் அலை ஓரம்வரை போய்ச் சேராது.

இதனால் மருந்துக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு. சவ்வில் ஓட்டை போடுவது பழைய உத்தி. 1939இல் ரெனே டூபோ மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த கிராமிசிடின் சவ்வில் தானே ஒரு சானலாக அமர்ந்து அயனிகளைக் கசியவிட்டுக் கிருமியைக் கொல்கிறது. நம் ரத்தச் செல்களையும் அது கெடுக்கும் என்பதால் ஊசியாகப் போட முடியாது, மேற்பூச்சு மருந்தாகத்தான் பயன்பட்டது. டாப்டோமைசின் என்ற இன்றைய மருந்தும் பாக்டீரியாச் சவ்வின் மின்னழுத்தத்தைச் சரித்துப் பொட்டாசியத்தை வடியவிடுகிறது. பழைய காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் ஈ.கோலையின் பெரிய மடையில் ஒட்டி, அதைத் திறந்துகொண்டு உள்ளே போகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த மடையைத் தேவையில்லாதபோது திறக்க வைக்கும் மருந்து கிடைத்தால், தற்காப்புக்காக வைத்த வாசலே கிருமிக்கு எமனாகும். பலர் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

முடியும். ஒரு கோழிமுட்டையை வினிகரில் இரண்டு நாள் போடுங்கள், நடுவில் ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஓடு கரைந்து தோல் மட்டும் மிஞ்சும். மெதுவாகக் கழுவி, நூலால் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். உப்பு கரையாமல் அடியில் தங்கும்வரை கரைத்த தண்ணீரில் ஒரு நாள் வைத்தால் முட்டை தொய்ந்துபோகும். பிறகு நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். மறுநாள் தோல் விறைத்துப் பந்து போல நிற்கும். அப்போது ஒரு தட்டில் வைத்து ஊசியால் குத்திப் பாருங்கள், முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு. பீய்ச்சி அடிக்கும் அந்த நீர்தான் பாக்டீரியா தன் மடை வழியாக வெளியேற்றும் அழுத்தம். குத்திய ஓட்டை மூடாது. முட்டை சுருங்கிக்கொண்டே போகும். செய்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம்.